படுக்கும் முன் இரண்டு மாத்திரை: வளர்ச்சி ஹார்மோன் வியாபாரத்தின் கதை

ஒரு பிளாஸ்டிக் டப்பா. மேலே தசை முறுக்கி நிற்கும் ஓர் ஆணின் படம், அல்லது நிலாவும் நட்சத்திரமும். பின்பக்கம் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு: "படுக்கப் போகும் முன், வெறும் வயிற்றில், தண்ணீருடன் சாப்பிடவும்." உள்ளே இருப்பவை ஆர்ஜினின், ஆர்னிதின், லைசின் என்னும் அமினோ அமிலங்கள். சிலவற்றில் துத்தநாகமும் மெக்னீசியமும் இருக்கும். உங்கள் உடம்பில் ஏற்கெனவே சுரக்கும் வளர்ச்சி ஹார்மோனை இது இயற்கையாகவே பெருக்கும் என்பது வாக்குறுதி. தசை கூடுமாம், கொழுப்பு கரையுமாம், முதுமை தள்ளிப் போகுமாம். சில விளம்பரங்களில் உயரமும் கூடுமாம்!

இது புதிய சரக்கு அல்ல. நாற்பது வருடத்துக்கும் மேலாக அமெரிக்காவில் விற்றுக்கொண்டிருக்கும் சரக்கு. அங்கிருந்துதான் உலகம் முழுவதும் பரவியது. இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தப் பொடி எழுத்துக் குறிப்புக்குப் பின்னால் உண்மையான ஆராய்ச்சிகள் இருக்கின்றன. தூங்கும்போது வளர்ச்சி ஹார்மோன் சுரக்கிறது என்பது உண்மை. அமினோ அமிலம் அதைத் தூண்டும் என்பது உண்மை. அந்த ஹார்மோன் கிழவர்களுக்கும் தசையைக் கூட்டியது என்பதும் உண்மை. மூன்று தனித்தனி உண்மைகளை ஒரே டப்பாவில் போட்டு மூடியதில்தான் கோளாறு. அந்த மூன்றும் எங்கிருந்து வந்தன, யார் சேர்த்துக் கட்டினார்கள், அதற்கு யார் யார் விலை கொடுத்தார்கள் என்பதுதான் இந்தக் கதை.

பட்டாணி அளவு சுரப்பி

மூளையின் அடிப்பகுதியில் பட்டாணி அளவில் தொங்கிக்கொண்டிருக்கிறது பிட்யூட்டரி சுரப்பி. 1886-ல் பியர் மரி என்ற பிரெஞ்சு மருத்துவர் கை, கால், தாடை எல்லாம் பெருத்துப்போன நோயாளிகளைப் பற்றி எழுதி, அந்த நோய்க்கு அக்ரோமெகலி என்று பெயர் வைத்தார். அதற்கும் இந்தச் சுரப்பிக்கும் தொடர்பு இருப்பது பின்னால்தான் தெளிவானது. 1921-ல் கலிஃபோர்னியாவில் ஹெர்பர்ட் எவன்ஸ், ஜோசப் லாங் என்ற இருவரும் மாட்டின் பிட்யூட்டரி சாற்றை எலிகளுக்கு ஊசி மூலம் செலுத்தினார்கள். எலிகள் அளவுக்கு மீறி வளர்ந்தன. அந்தச் சாற்றில் வளர்ச்சியை உண்டாக்கும் ஏதோ ஒன்று இருக்கிறது என்பது உறுதியானது.

அந்த "ஏதோ ஒன்றை"த் தனியாகப் பிரித்தெடுக்க இன்னும் இருபது வருடத்துக்கு மேல் ஆனது. சீனாவில் பிறந்து அமெரிக்காவுக்கு வந்த சோ ஹாவ் லீ, எவன்ஸுடன் சேர்ந்து 1944-ல் மாட்டின் வளர்ச்சி ஹார்மோனைப் பிரித்தார். 1956-ல் மனித ஹார்மோனையும் பிரித்தார். அது 191 அமினோ அமிலங்கள் கோர்த்த ஒரு புரதம் என்பது பிறகு தெரியவந்தது. இந்த விவரம் முக்கியம். ஏனென்றால் புரதத்தை வாயால் சாப்பிட்டால் வயிறு அதை முட்டையைப் போலவும் பருப்பைப் போலவும் செரித்துவிடும். ஆகவே வளர்ச்சி ஹார்மோனை மாத்திரையாக விழுங்கிப் பயனில்லை, ஊசிதான் ஒரே வழி. பிற்காலத்தில் "ஹார்மோன் மாத்திரை" என்று நேரடியாக விற்க முடியாமல் "ஹார்மோனைத் தூண்டும் மாத்திரை" என்று வியாபாரிகள் சுற்றி வளைத்ததற்கு இது முதல் காரணம்.

பிணவறையிலிருந்து வந்த மருந்து

மாட்டின் ஹார்மோன் மனிதனுக்கு வேலை செய்யவில்லை. மனித ஹார்மோன்தான் வேண்டும். அது கிடைக்கும் ஒரே இடம் இறந்தவர்களின் மூளை. 1958-ல் பாஸ்டனில் மாரிஸ் ரேபன் என்ற மருத்துவர், பிட்யூட்டரி குறைபாட்டால் வளராமல் இருந்த 17 வயதுப் பையனுக்கு அப்படி எடுத்த ஹார்மோனை ஊசி போட்டு, அவன் வளர்ந்ததை அறிவித்தார். நாடெங்கும் குள்ளமான குழந்தைகளின் பெற்றோர் மருத்துவமனை வாசலுக்கு வந்தார்கள்.

1963-ல் அமெரிக்க அரசு தேசிய பிட்யூட்டரி அமைப்பு ஒன்றைத் தொடங்கியது. பிணவறைகளிலிருந்து சுரப்பிகளைச் சேகரித்து, ஹார்மோனைப் பிரித்து, குறைபாடுள்ள குழந்தைகளுக்கு வழங்குவது அதன் வேலை. இருபது வருடத்துக்கு மேல் நடந்த அந்தத் திட்டத்தில் சுமார் 7,700 பேர் ஊசி பெற்றார்கள்.

1984-85-ல் இடி விழுந்தது. சிறு வயதில் அந்த ஊசி போட்டுக்கொண்ட சிலர், இருபதுகளிலும் முப்பதுகளிலும், நடை தள்ளாடி, நினைவு குழம்பி இறந்தார்கள். கிராய்ட்ஸ்ஃபெல்ட்-யாகோப் என்னும் மூளை நோய். பொதுவாக வயதானவர்களுக்கு, அதுவும் மிக அரிதாக வருவது. இறந்தவர் யாரோ ஒருவரின் சுரப்பியில் இருந்த நோய், ஹார்மோனோடு சேர்ந்து பல குழந்தைகளுக்குப் போயிருந்தது. 1985 ஏப்ரலில் விநியோகம் நிறுத்தப்பட்டது. ஆனால் உடலுக்குள் போன நோய் பல வருடம் தூங்கி எழுவது. உலக அளவில் இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் இதனால் இறந்தார்கள். பிரான்சில் மட்டும் நூறுக்கும் மேல்.

அதே 1985 அக்டோபரில், பாக்டீரியாவின் மரபணுவை மாற்றி ஜெனன்டெக் நிறுவனம் தயாரித்த செயற்கை வளர்ச்சி ஹார்மோனுக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி கொடுத்தது. இனி பிணவறை தேவையில்லை, எவ்வளவு வேண்டுமானாலும் தயாரிக்கலாம். ஆனால் விலையோ யானை விலை. மருத்துவர் சீட்டு இல்லாமல் கிடைக்காது. நோயில்லாதவர்களுக்கு இதை விற்பதை 1990-ல் அமெரிக்கச் சட்டம் குற்றமாகவே ஆக்கியது. கதவு இப்படி அடைக்கப்பட்டதும் ஜன்னல் தேடுவது மனித இயல்பு. அந்த ஜன்னல் ஏற்கெனவே திறந்துதான் இருந்தது.

முதல் உண்மை: ஆழ்ந்த தூக்கம்

ரத்தத்தில் ஹார்மோன் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க நீண்ட காலம் வழியே இல்லை. அவ்வளவு நுண்ணிய அளவு அது. நியூயார்க்கில் ரோசலின் யாலோ, சாலமன் பெர்சன் இருவரும் 1950-களின் கடைசியில் கதிரியக்கத்தைப் பயன்படுத்தி அளக்கும் முறையைக் கண்டுபிடித்தார்கள். முதலில் இன்சுலினை அளந்தார்கள், 1960-களின் தொடக்கத்தில் வளர்ச்சி ஹார்மோனையும் அளந்தார்கள். (யாலோவுக்கு 1977-ல் நோபல் பரிசு கிடைத்தது. பெர்சன் அதற்கு முன்பே இறந்துவிட்டார்.)

அளவுகோல் கிடைத்தவுடன் ஆராய்ச்சிகள் குவிந்தன. அவற்றில் முக்கியமானது 1968-ல் வெளிவந்த தாகஹாஷி, கிப்னிஸ், டாகடே மூவரின் ஆராய்ச்சி. செயின்ட் லூயிஸ் நகரில் எட்டு இளைஞர்களைப் பரிசோதனைக் கூடத்தில் மொத்தம் 38 இரவுகள் தூங்க வைத்தார்கள். தலையில் மூளை அலையைப் பதியும் கம்பிகள், கையில் குழாய். தூக்கம் கலையாமல் அரை மணிக்கு ஒரு தடவை ரத்தம் எடுத்தார்கள்.

எட்டுப் பேரில் ஏழு பேருக்கு, ஆழ்ந்த தூக்கம் தொடங்கியதும் ஹார்மோன் திடீரென்று எகிறியது. ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் 13 முதல் 72 நானோகிராம் வரை. ஒன்றரை மணி முதல் மூன்றரை மணி நேரம் அந்த எழுச்சி நீடித்தது. தூங்கப் போவதைத் தாமதப்படுத்தினால் எழுச்சியும் தாமதமானது. நடுவில் எழுப்பி இரண்டு மூன்று மணி நேரம் விழித்திருக்க வைத்து மறுபடி தூங்கவிட்டால், இன்னொரு எழுச்சி வந்தது. அதாவது கடிகாரத்தைப் பார்த்து இது சுரக்கவில்லை, தூக்கத்தைப் பார்த்துச் சுரந்தது.

டப்பாவில் இருக்கும் "படுக்கும் முன்" என்ற சொல்லின் பிறப்பிடம் இதுதான். ஆனால் அந்த எழுச்சிக்கு எந்த மாத்திரையும் தேவைப்படவில்லை. தூக்கமே போதுமாக இருந்தது, அவ்வளவுதான்.

இரண்டாவது உண்மை: நரம்பில் ஏற்றிய ஆர்ஜினின்

1965 வாக்கில் அமினோ அமிலங்களை நரம்பு வழியாக ஏற்றினால் ரத்தத்தில் வளர்ச்சி ஹார்மோன் கூடுகிறது என்று அமெரிக்க மருத்துவர்கள் கண்டார்கள். அவற்றில் ஆர்ஜினின் வலுவாக வேலை செய்தது. குள்ளமான குழந்தைக்குச் சுரப்பியில் உண்மையிலேயே குறை இருக்கிறதா என்று சோதிக்க இது நல்ல வழியாக அமைந்தது. ஆர்ஜினினை ஏற்றியும் ஹார்மோன் எழவில்லை என்றால் சுரப்பியில் குறை என்று சந்தேகிக்கலாம். இன்றும் இந்தச் சோதனை நடக்கிறது.

ஆனால் அளவைக் கவனிக்க வேண்டும். உடல் எடையில் கிலோவுக்கு அரை கிராம். பெரியவர்களுக்கு 30 கிராம் வரை, அரை மணி நேரத்தில், நேராக ரத்தத்துக்குள். மாத்திரையாக விழுங்குவது ஓரிரு கிராம். அதிலும் ஒரு பகுதியைக் குடலும் கல்லீரலும் வழியிலேயே உடைத்துவிடும். அது போக, ஆர்ஜினின் ஒன்றும் அபூர்வப் பொருள் அல்ல. வேர்க்கடலையிலும் எள்ளிலும் நிறையவே இருக்கிறது. கடலை மிட்டாய் சாப்பிட்டு யாரும் ராட்சசன் ஆனதில்லை.

டப்பாக்காரர்களுக்கு மிகவும் பிடித்த ஆராய்ச்சி 1981-ல் இத்தாலியில் நடந்தது. இசிடோரியும் அவரது குழுவினரும் 15 முதல் 20 வயது வரையுள்ள 15 ஆரோக்கியமான ஆண்களுக்கு ஆர்ஜினின் சேர்மம் 1,200 மில்லிகிராம், லைசின் 1,200 மில்லிகிராம் இரண்டையும் சேர்த்து வாய் வழியாகக் கொடுத்தார்கள். ஹார்மோன் கூடியது என்று அறிவித்தார்கள். தனித்தனியாகக் கொடுத்தபோது வேலை செய்யவில்லை, சேர்த்தால்தான் வேலை செய்தது என்றும் சொன்னார்கள். பதினைந்தே பேர், அதுவும் ஏற்கெனவே ஹார்மோன் பொங்கும் வயதில் இருந்தவர்கள். அவர்களுக்குத் தசை கூடியதா, உயரம் கூடியதா என்பதெல்லாம் அந்த ஆராய்ச்சியின் கேள்வியே அல்ல. ஆனால் ஒரு விதை விழுந்துவிட்டது.

புத்தகம் ஒன்று, தொலைக்காட்சி ஒன்று

அடுத்த வருடமே, 1982-ல், "ஆயுள் நீட்டிப்பு" என்ற தலைப்பில் தடியான ஆங்கிலப் புத்தகம் ஒன்று வெளிவந்தது. எழுதியவர்கள் டர்க் பியர்சன், சாண்டி ஷா என்ற ஜோடி. இருவரும் மருத்துவர்கள் அல்ல. பியர்சன் புகழ்பெற்ற எம்.ஐ.டி.யில் படித்தவர். ஆராய்ச்சிக் கட்டுரைகளைச் சலித்துப் படித்து, அதில் சொன்னதைத் தங்கள் உடம்பிலேயே முயன்று பார்ப்பது இவர்கள் வழக்கம். மெர்வ் கிரிஃபின் என்பவரின் பிரபலமான தொலைக்காட்சி நிகழ்ச்சியில் இவர்கள் அடிக்கடி தோன்றினார்கள். புத்தகம் விற்பனையில் சக்கைப்போடு போட்டது.

ஆர்ஜினின், ஆர்னிதின் போன்றவற்றை வெறும் வயிற்றில் படுக்கும் முன் சாப்பிட்டால் வளர்ச்சி ஹார்மோன் பெருகும் என்ற யோசனையைச் சாதாரண அமெரிக்கர்களின் வீட்டுக்குள் கொண்டுபோனது இந்தப் புத்தகம்தான். வெறும் வயிறு என்பதற்கும் ஒரு காரணம் இருந்தது. ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் வளர்ச்சி ஹார்மோன் இறங்கும் என்பது மருத்துவத்தில் நிரூபணமான விஷயம். இப்படி ஒவ்வொரு துண்டும் தனியாகப் பார்த்தால் சரியாகத்தான் இருந்தது. அதனால்தான் படித்தவர்களும் நம்பினார்கள்.

சத்து மாத்திரைக் கடைகள் சும்மா இருக்குமா? "தூங்கும்போதே இளைக்கலாம்" என்ற வகை விளம்பரங்கள் பத்திரிகைகளில் வரத் தொடங்கின. உடற்பயிற்சிக் கூடங்களில் பாடி பில்டர்கள் மத்தியில் "வளர்ச்சி ஹார்மோன் தூண்டி" என்ற ஒரு புது வகையே உருவானது.

அமினோ அமிலம் என்பது உணவில் இருப்பதுதானே, அதனால் என்ன கெடுதல் வந்துவிடப் போகிறது? இதுதான் எல்லோருடைய நினைப்பும். அந்த நினைப்பை 1989 உடைத்தது.

1989: தூக்கத்துக்குச் சாப்பிட்ட மாத்திரை

டிரிப்டோபான் என்பதும் ஓர் அமினோ அமிலம்தான். பாலில் இருக்கிறது, தூக்கம் வரவழைக்கும் என்று அதே கடைகளில், அதே அலமாரியில், படுக்கும் முன் சாப்பிடும் மாத்திரையாக விற்றது. 1989 அக்டோபரில் நியூ மெக்சிகோ மாநிலத்தில் மூன்று பெண்களுக்குத் தாங்க முடியாத தசை வலி. ரத்தத்தில் ஒரு வகை வெள்ளை அணுக்கள் ஏகத்துக்கும் கூடியிருந்தன. மூவருக்கும் பொதுவாக இருந்தது ஒன்றே ஒன்று: டிரிப்டோபான் மாத்திரை.

அடுத்த மாதமே மாத்திரைகள் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. அதற்குள் நாடு முழுவதும் நோய் பரவியிருந்தது. 1,500-க்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டார்கள், 37 பேராவது இறந்தார்கள். பிழைத்தவர்களில் பலர் வருடக்கணக்கில் வலியோடு வாழ்ந்தார்கள். விசாரணையில் பெரும்பாலான மாத்திரைகளின் மூலப்பொருள் ஜப்பானின் ஷோவா டென்கோ நிறுவனத்திலிருந்து வந்தது தெரிந்தது. அந்த நிறுவனம் உற்பத்திக்குப் பயன்படுத்திய பாக்டீரியாவை மாற்றியிருந்தது. சுத்திகரிக்கும் கரித்தூளின் அளவையும் குறைத்திருந்தது. ஏதோ அசுத்தம் கலந்துவிட்டது என்பதே பெரும்பாலோர் வந்த முடிவு.

பாலில் இருக்கும் டிரிப்டோபானும், தொழிற்சாலைத் தொட்டியில் பாக்டீரியா தயாரித்து மாத்திரையாக வரும் டிரிப்டோபானும் பெயரளவில் ஒன்றுதான். வந்த வழி வேறு. "இயற்கையானது" என்ற சொல் அந்த வழியைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

1990: உண்மையிலேயே வேலை செய்த ஒன்று

டிரிப்டோபான் கடையிலிருந்து மறைந்ததும் அந்த இடத்துக்கு வந்தது ஜி.எச்.பி. இதன் முழுப்பெயர் காமா ஹைட்ராக்ஸி பியூட்டிரேட். மூளையில் மிகக் குறைந்த அளவில் இயற்கையாகவே இருக்கும் பொருள். 1960 வாக்கில் பிரான்சில் ஆன்ரி லபோரி என்ற மருத்துவர் இதை மயக்க மருந்தாக ஆராய்ந்தார். இதைக் கொடுத்தால் வளர்ச்சி ஹார்மோன் கூடுகிறது என்று 1977-ல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். அது போதாதா! அமெரிக்கச் சத்து மாத்திரைக் கடைகளிலும் ஜிம்களிலும் இது பாடி பில்டர்களுக்கான பொடியாக விற்கப்பட்டது.

இங்கே ஒரு முரண். இந்த வரிசையில் வந்த பொருள்களிலேயே சொன்னபடி வேலை செய்தது இதுதான். 1997-ல் ஈவ் வான் காட்டர் குழுவினர் இளைஞர்களுக்குப் படுக்கும் நேரத்தில் ஜி.எச்.பி. கொடுத்துப் பார்த்தபோது, ஆழ்ந்த தூக்கமும் கூடியது, அதற்கேற்ப வளர்ச்சி ஹார்மோனும் கூடியது.

ஆனால் வேலை செய்யும் அளவுக்கும் ஆளைச் சாய்க்கும் அளவுக்கும் இடையே இடைவெளி மிகக் குறைவு. ஸ்பூனால் அளந்து சாப்பிட்டவர்கள் வாந்தி எடுத்தார்கள், வலிப்பு வந்ததுபோல் துடித்தார்கள், நினைவிழந்தார்கள், மூச்சு திணறினார்கள். மதுவோடு சேர்ந்தால் இன்னும் மோசம். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்ட தகவல் வந்த பிறகு, 1990 நவம்பரில் உணவு, மருந்து நிர்வாகம் கடை விற்பனைக்குத் தடை விதித்தது.

தடைக்குப் பிறகு கதை இருட்டுக்குள் போனது. நிறமில்லாத இந்தப் பொருளைப் பெண்களின் பானத்தில் தெரியாமல் கலக்கும் கொடுமை நடந்தது. 1999-ல் அப்படிக் கலக்கப்பட்ட பானத்தைக் குடித்த 15 வயதுப் பெண் இறந்தாள். 2000-ல் அமெரிக்கா இதை மிகக் கடுமையான தடைப்பட்டியலில் சேர்த்தது. பாடி பில்டர்களின் அலமாரியில் தொடங்கிய பயணம் இங்கே வந்து முடிந்தது.

முழுவதும் முடியவில்லை. 2002-ல் இதே பொருள் நார்கோலெப்சி என்னும் அரிய தூக்க நோய்க்கு மருந்தாக அனுமதி பெற்றது. நோயாளி படுக்கையில் உட்கார்ந்தபடி ஒரு வேளை குடிக்க வேண்டும், இரண்டரை முதல் நான்கு மணி நேரம் கழித்து எழுந்து இரண்டாவது வேளை குடிக்க வேண்டும். விநியோகம் பலத்த கட்டுப்பாட்டில் நடக்கிறது. ஒரு பொருள் உடலில் உண்மையிலேயே வேலை செய்தால் அதற்கு இவ்வளவு காவல் தேவைப்படுகிறது. காவலே இல்லாமல் கிடைக்கும் மாத்திரை எப்படிப்பட்டது என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம்.

மூன்றாவது உண்மை: 12 முதியவர்கள்

1990 ஜூலை 5 அன்று நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் டேனியல் ரட்மன் குழுவினரின் கட்டுரை வெளிவந்தது. 61 முதல் 81 வயது வரையுள்ள 21 ஆண்கள். அவர்களில் 12 பேருக்கு ஆறு மாதம், வாரம் மூன்று தடவை, செயற்கை வளர்ச்சி ஹார்மோன் ஊசி. கொழுப்பில்லாத உடல் எடை 8.8 சதவீதம் கூடியது. கொழுப்பு 14.4 சதவீதம் குறைந்தது.

பத்திரிகைகள் "இளமை ஊற்று" என்று எழுதின. ஆனால் அந்த முதியவர்களுக்குப் பலம் கூடியதா, ஆயுள் கூடியதா என்பதற்கு அந்தக் கட்டுரையில் பதில் இல்லை. 2007-ல் ஆரோக்கியமான முதியவர்களிடம் நடந்த பல சோதனைகளை ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சியாளர்கள் தொகுத்துப் பார்த்தார்கள். தசை பக்கம் சராசரியாக இரண்டு கிலோ கூடியிருந்தது, கொழுப்பு இரண்டு கிலோ குறைந்திருந்தது. கூடவே வீக்கம், மூட்டு வலி, மணிக்கட்டு நரம்பு அழுத்தம் ஆகியவை ஊசி போட்டவர்களுக்கு அதிகம். முதுமையைத் தடுக்க இதைப் பரிந்துரைக்க முடியாது என்பது அவர்கள் முடிவு.

ரட்மனின் கட்டுரை ஊசியைப் பற்றியது. ஆனால் மாத்திரை விளம்பரங்கள் அதையே சான்றாகக் காட்டின! 2003-ல் அந்த இதழே தலையிட்டு, இந்தக் கட்டுரையைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்று தலையங்கம் எழுதியது.

இதற்கிடையே 1994-ல் அமெரிக்க நாடாளுமன்றம் சத்து மாத்திரைகளுக்கென்று தனிச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. மருந்து என்றால் விற்பதற்கு முன்பே பலனையும் பாதுகாப்பையும் நிரூபிக்க வேண்டும். சத்து மாத்திரைக்கு அது தேவையில்லை. நோயைக் குணமாக்கும் என்று சொல்லக்கூடாது. ஆனால் "உடலின் இயல்பான வளர்ச்சி ஹார்மோனுக்கு உறுதுணை" என்று சொல்லலாம். ஆபத்து என்று தெரிந்தால் அரசுதான் நிரூபித்துத் தடுக்க வேண்டும். மூன்று உண்மைகளும் ஒரே டப்பாவுக்குள் போக வழி பிறந்தது.

சோதித்தவர்கள் கண்டது

மாத்திரையை நேரடியாகச் சோதித்தவர்களும் உண்டு. 1993 ஒரே வருடத்தில் மூன்று ஆராய்ச்சிகள் வந்தன. முதியவர்களுக்கு ஆர்ஜினினும் லைசினும் தலா 3 கிராம், தினம் இரண்டு வேளை, 14 நாள் கொடுத்தார்கள். ஹார்மோன் கூடவில்லை. பாடி பில்டர்களுக்குக் கடையில் விற்கும் அமினோ கலவைகளையே கொடுத்துப் பார்த்தார்கள். கூடவில்லை. பளு தூக்குபவர்களுக்கு 24 மணி நேரமும் அளந்து பார்த்தார்கள். அப்போதும் கூடவில்லை.

அளவைக் கூட்டினால்? 2005-ல் நடந்த ஒரு சோதனையில் 5 கிராமும் 9 கிராமும் ஓய்வில் இருந்தவர்களுக்குக் கொஞ்சம் கூட்டின. 13 கிராம் வயிற்றைக் கலக்கிவிட்டது. அடுத்த வருடம் அதே குழுவினர் இன்னொன்றைக் கண்டார்கள். உடற்பயிற்சியால் தானாக எழும் ஹார்மோனை, பயிற்சிக்கு முன் சாப்பிட்ட ஆர்ஜினின் குறைத்துவிட்டது! உதவிக்கு வந்தவன் இருந்ததையும் பிடுங்கிக்கொண்டு போன கதை.

துத்தநாகமும் மெக்னீசியமும் கலந்த இசட்.எம்.ஏ. என்ற படுக்கை நேர மாத்திரையின் கதை இன்னும் சுவையானது. 2000-ல் கல்லூரிக் கால்பந்து வீரர்களிடம் நடந்த ஆராய்ச்சி, ஆண்மை ஹார்மோனும், வளர்ச்சி ஹார்மோன் தூண்டிவிடும் இன்னொரு காரணியும் கூடியதாகச் சொன்னது. கட்டுரையை எழுதிய இருவரில் ஒருவர் விக்டர் கான்டே. அந்த மாத்திரையை உருவாக்கி விற்றவரும் அவரேதான். 2004-ல் வேறு குழுவினர் 42 பேரிடம் எட்டு வாரம் சோதித்தபோது எந்தப் பலனும் தெரியவில்லை.

கான்டே நடத்திய பால்கோ நிறுவனத்தில் 2003-ல் அதிகாரிகள் சோதனை போட்டார்கள். உலகப் புகழ்பெற்ற விளையாட்டு வீரர்களுக்கு, எந்தச் சோதனையிலும் பிடிபடாத புது ஸ்டீராய்டும் அசல் வளர்ச்சி ஹார்மோனும் அங்கிருந்து போனது அம்பலமானது. 2005-ல் கான்டே குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்றார். வெளியே ஊருக்கெல்லாம் படுக்கை நேர மாத்திரை, உள்ளே வீரர்களுக்கு ஊசி. மாத்திரையின் சக்தி எவ்வளவு என்பது விற்றவருக்கு நன்றாகவே தெரிந்திருக்க வேண்டும்.

சதவீத மாயம்

"வளர்ச்சி ஹார்மோன் 600 சதவீதம் உயரும்" என்பது போன்ற விளம்பரங்கள் இன்றும் வருகின்றன. இதில் கணக்கு ஒன்று ஒளிந்திருக்கிறது. பகலில் பெரும்பாலான நேரம் ரத்தத்தில் இந்த ஹார்மோன் கிட்டத்தட்ட இல்லை என்றே சொல்லலாம். மில்லிலிட்டருக்கு 0.2 நானோகிராம் என்று வைத்துக்கொண்டால், அது 1.4 ஆனாலே 600 சதவீத உயர்வு! கேட்க மலைப்பாக இருக்கும். ஆனால் 1968-ல் அந்த இளைஞர்கள் எந்த மாத்திரையும் இல்லாமல் தூங்கியபோது எழுந்தது 13 முதல் 72. அந்த அலைக்கு முன்னால் 1.4 என்பது வெறும் சிற்றலை. அதுவும் ரத்தத்தில் வந்த ஹார்மோனில் பாதி, இருபது நிமிடம் போல ஆனால் மறைந்துவிடும்.

உயரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த மாத்திரைகளுக்கு அதிகம் ஏமாறுபவர்கள் பதினாறு, பதினேழு வயதுப் பையன்கள். எலும்பின் நுனியில் உள்ள வளர்ச்சித் தட்டுகள் மூடிய பிறகு எந்த ஹார்மோனும் உயரத்தைக் கூட்டாது. அவை மூடாமல் இருக்கும் வயதில் ஒரு குழந்தை உண்மையிலேயே வளராமல் இருந்தால், போக வேண்டிய இடம் ஹார்மோன் மருத்துவர். மாத்திரையை நம்பிக் கழியும் இரண்டு மூன்று வருடம், சிகிச்சை பலிக்கக்கூடிய அதே இரண்டு மூன்று வருடம். பணம் போனால் சம்பாதிக்கலாம், மூடிய தட்டு திறக்காது.

தூக்கம் என்ற பழைய மருந்து

2000-ல் வான் காட்டர் குழுவினர் 16 முதல் 83 வயது வரையுள்ள 149 ஆண்களின் தூக்கத்தை ஆராய்ந்து வெளியிட்டார்கள். 16 முதல் 25 வயதுக்காரர்களின் தூக்கத்தில் ஆழ்ந்த தூக்கம் 18.9 சதவீதம். 36 முதல் 50 வயதுக்காரர்களுக்கு வெறும் 3.4 சதவீதம். வளர்ச்சி ஹார்மோனும் அதே வேகத்தில் சரிந்திருந்தது. முதுமை வருவதற்கு வெகு முன்பே, நாற்பதிலேயே, அந்தச் செல்வம் பெரும்பாலும் போய்விடுகிறது.

இதில் வேதனை என்னவென்றால், அந்தச் செல்வம் கைநிறைய இருக்கும் வயதில் இருப்பவர்கள்தான் அதை வீணடிக்கிறார்கள். நள்ளிரவு வரை விழித்திருந்து, விளக்கை அணைக்கும் முன் கடமையாக இரண்டு மாத்திரையை விழுங்கிவிட்டு, நான்கு மணி நேரம் தூங்கி எழுகிறார்கள். 13 முதல் 72 வரை தரும் மருந்தைக் குறைத்துக்கொண்டு, 1.4 தரும் மாத்திரைக்குக் காசு கொடுக்கிறார்கள்.

அந்த டப்பாவின் பின்பக்கக் குறிப்பில் இல்லாத நான்கு சொற்கள்தான் நூற்றுக்கு நூறு உண்மை: இரவு, விளக்கை அணை, படு. ஹார்மோனைத் தூண்டும் வேலையை அதன் பிறகு உடம்பே பார்த்துக்கொள்கிறது. 38 இரவுகள் அளந்து பார்த்துச் சொன்ன உண்மை அது. அதை யாரும் டப்பாவில் அடைத்து விற்க முடியாது என்பதால்தான், அதற்கு விளம்பரமும் இல்லை.